ஒரு பேருக்கு எட்டு மணித்தியாலம்

பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் குழாய்கள் நீலத் தறப்பாளால் மூடிக் கிடந்தன. மழைத் தண்ணீர் தறப்பாளின் மடிப்புகளில் தேங்கி, காற்றடிக்கும்போது மொத்தமாகக் கொட்டும். அந்தச் சத்தத்துக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் திடுக்கிட்டு அழும். குழாய்களை யாரும் தொடக் கூடாது என்று இரத்தினபுரி ஆபீசிலிருந்து சொல்லியிருந்தார்கள். தொடாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பீலியிலிருந்து வரும் கலங்கிய தண்ணீரைத் துணியில் வடித்து, பால்மா கரைக்கக் கொதிக்கவைத்துக்கொண்டே அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

நான் மடுவத்தில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உதவிக்கு இருக்கிறேன். சாயங்காலம் கஹவத்தைக்கு பஸ் ஏறிக் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். ரோஷானி அக்காவின் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அது கூரை வரைக்கும் போகாது. அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். கேட்டதை எழுதுகிறேன். கேட்காததை எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன். அது எல்லா இடத்திலும் முடிந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

ரோஷானி அக்கா, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து முதன்முதலாக ஆபீஸ் வேலைக்குப் போனவள். இரத்தினபுரியில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் கள அலுவலர். அந்த நிறுவனத்துக்கு அமெரிக்க அரசாங்கத்தின் பணம் வந்தது. மலைக்கு மேலே ரப்பர்க் காட்டுக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து மூன்று லயத்துக்கும் குழாய் இழுத்து, காம்பராவுக்குக் காம்பரா பைப் வைக்க வேண்டும். தொட்டியும் குழாயும் அவர்கள் தருவார்கள். குழி வெட்டும் உழைப்பை லயத்து ஆட்கள் இலவசமாகத் தர வேண்டும். யாருக்கும் கூலி கிடையாது. ஆனால் அந்த உழைப்பை மணித்தியாலமாக எழுதிக் கையொப்பம் வாங்கினால், அது மக்களின் பங்கு என்று அமெரிக்காவின் கணக்கில் ஏறும். பங்கு குறைந்தால் அவர்களுடைய பணமும் குறையும்.

குழி வெட்டும் வேலைக்கு அக்காவின் அப்பா அந்தனி மாமாதான் முன்னால் நின்றார். அவரும் மற்றவர்களும் பால் வெட்டுகிறவர்கள். விடியும்போது ரப்பர் மலைக்குப் போய், பட்டை சீவி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதோடு தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு பேர் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பிறகு வீட்டுக்கு வந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று, அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குழி வெட்ட ஏறுவார்கள்.

தோட்டத்தில் வடிகால் கான் வெட்டுவதற்கு எப்படியோ, அப்படித்தான் அந்தனி மாமா இதற்கும் அளவு போட்டார். ஆளுக்குப் பத்தடி. கயிறு பிடித்துக் கம்பு நட்டுவிடுவார். பத்தடியை முடித்தவன் மம்பட்டியைக் கழுவிக்கொண்டு போகலாம். அவனுக்கு ஒரு பேர். பாறை வந்து நின்றுபோனவனுக்குப் பக்கத்து ஆள் கை கொடுத்து முடித்துவிடுவான். அந்தி மழை பிடிப்பதற்குள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். மாமா இறங்கிவந்து, "எல்லாருக்கும் முழுப் பேர் போடும்மா" என்பார். அக்கா எழுதுவாள். ஓர் ஆள் நாள் என்றால் எட்டு மணித்தியாலம் என்று இரத்தினபுரியில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு பேருக்கும் எதிரே எட்டு என்று போட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

குழி முழுவதும் வெட்டி முடிந்தது. மேல் லயம் வரைக்கும் குழாயும் பதித்தார்கள். அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு மேடம் செலவுகளைச் சரிபார்க்க வந்தார். அவர் முதலில் போனது தோட்டத்து ஆபீசுக்கு. அங்கே தினமும் பேர் பதியும் செக்ரோலை வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மடுவத்துக்கு வந்தார்.

மடுவத்தின் நடுவில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டோம். மேடத்தோடு நிறுவனத்தின் கணக்குப் பொறுப்பாளர் சுதாகரன் சாரும் வந்திருந்தார். மரியம்மா அத்தை, ரோஷானி அக்காவின் அம்மா, மரவள்ளிக்கிழங்கு அவித்து மிளகாய்ச் சம்பலோடு கொண்டுவந்து வைத்தார். மேடம் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். தன் பையிலிருந்து போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"நம்ம தண்ணிக்கிப் பயந்துட்டாங்க" என்று அத்தை என் காதில் சொன்னார்.

அந்தனி மாமாவோடு குழி வெட்டிய கன்னையா மாமா பக்கத்தில் நின்றார், அவருக்கு அது கேட்டுவிட்டது. "பயப்படத்தான செய்வாங்க? அந்தத் தண்ணியக் குடிக்க முடியாதுன்னுதான கொழாயே குடுத்தாங்க."

மேடம் சிங்களத்தில்தான் பேசினார். எங்கள் ஆட்களும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார்கள். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"நீங்கதான் அந்தனியா?"

"ஆமாங்க நோனா."

"போன மாசம் முதல் புதன்கிழமை நீங்க எட்டு மணித்தியாலம் குழி வெட்டினீங்களா?"

அந்தனி மாமா திரும்பி ஆட்களைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எட்டு மணித்தியாலமா? நோனா எங்களப் பத்தி என்னா நெனச்சிட்டீங்க? ஒரு மணிக்கி ஏறுனா மூணு, மூணரைக்கி மம்பட்டியக் கழுவியாச்சு. பத்தடி வெட்டுறதுக்கு எட்டு மணித்தியாலம் எடுக்குறவன் இந்தத் தோட்டத்துல இருந்தா காட்டுங்க. அவனுக்கு நானே மால போடுறேன்."

"அப்பிடி ஆளு டவுன் ஆபீசுலதான் இருப்பான்" என்றார் கன்னையா மாமா.

ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் கொஞ்சம் சிரித்தார். ரோஷானி அக்கா சிரிக்கவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"மேடம், எங்க தோட்டத்துல நேரத்த வச்சு இல்ல, வேலையோட அளவ வச்சுத்தான்..." என்று அக்கா தொடங்கினாள்.

"எனக்கு விளங்குது ரோஷானி. நல்லாவே வேலை செஞ்சிருக்காங்க. ஆனா நான் கேட்டது எவ்வளவு வேலைன்னு இல்ல. எவ்வளவு நேரம்னு. இந்த ஆளுங்களுக்கு அதே நாள்ல தோட்டத்து செக்ரோல்லயும் முழு நாள் இருக்கு. அமெரிக்காவுக்குப் போன கணக்கையும் சேர்த்தா ஒரே ஆள் ஒரே நாள்ல பதினாறு மணித்தியாலம் வேலை செஞ்சதா வருது." பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்த எட்டைச் சொன்னது யாரு?"

"நான்தான் எழுதினேன்."

"எழுதினது நீங்க. சொன்னது?"

அந்தனி மாமா ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தான் நோனா சொன்னேன். ஆளுக்கு முழுப் பேர்னு சொன்னேன். அரைப் பேர் யாருக்கும் போட விடல. ஒருத்தனும் வேலைய அரகொறையா விட்டுட்டுப் போகலயே?"

"ஹரி", சரி என்று சிங்களத்தில் சொல்லி மேடம் எழுதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் தறப்பாளை இழுத்து மூடினார்கள். மிச்சக் குழாய்களை இனி உத்தரவு வரும்வரை தொடக் கூடாது.

அதன் பிறகு மழை நிற்கவில்லை. காலையில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, பட்டை நனைந்துவிடும். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவருவார்கள். குழி திறந்தே கிடந்தது. சிவப்பு மண் கரைந்து கரைந்து கீழே பீலிக்கு வந்தது. வெட்டியதால் தண்ணீர் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று பெண்கள் ரோஷானி அக்காவுக்குக் கேட்கும்படியே பேசினார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெளியட்டும் என்று நின்றுகொண்டிருப்பாள். அது தெளியாது.

ஒரு மாலையில் சுதாகரன் சார் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். அவரும் குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். காம்பராவுக்குள் தலையைக் குனிந்து நுழைய அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மரியம்மா அத்தை ரொட்டி சுட்டு, பலாக்காய்க் கறியோடு தட்டில் வைத்தார்.

"வேணாம்மா. இந்த நேரத்துல உங்க வீட்டுல நான் கை நனைக்கிறது சரியில்ல."

"ஏங்க சார், எங்க வீட்டு ரொட்டிக்கும் கணக்கு எழுதணுமா?"

"கேட்டா எழுதத்தாம்மா வேணும்."

"அப்பன்னா எழுதிக்குங்க. ரொட்டி ரெண்டு. பலாக்கா கறி சட்டியில உள்ளது பூராவும்."

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்த பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் ஆங்கிலக் கடதாசியை எடுத்தார். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தனி மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தனுஜா! இங்கிட்டு வந்து இத வாசிச்சு சொல்லு."

"ஏன் மாமா, அக்கா இருக்காங்களே?"

"அவ வாசிச்சா எனக்கு நோகாத மாதிரி வாசிப்பா. நீ வா."

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. வகுப்புப் புத்தகத்தில் உள்ள சொற்கள் சில இருந்தன, அதனால் சமாளித்தேன். அது ரோஷானி அக்கா கையொப்பமிட வேண்டிய வாக்குமூலம். மக்களின் உழைப்பைப் பற்றிய மணித்தியாலங்கள் பிழையானவை. அவற்றை எனக்குக் கொடுத்தவர், பிறகு ஒரு வெற்றுக் கோடு. அவர் அந்தத் தகவலைத் தெரிந்தே பிழையாகக் கொடுத்தார். இனி அவர் இந்தத் திட்டத்தின் எந்த வேலையிலும் சேர்க்கப்பட மாட்டார்.

"தெரிஞ்சேன்னா போட்டுருக்கு?" என்று மாமா கேட்டார்.

"ஆமா மாமா."

"தெரியாமன்னு மாத்துனா என்னாங்க சார்?"

சுதாகரன் சார் அடுப்புப் பக்கம் பார்த்தார். "அது விதியில வேற பகுதிங்க அண்ணே. தெரியாம நடந்துச்சுன்னா சரியாப் பயிற்சி குடுக்காத ஆபீஸ் மேல வரும். எங்க டைரக்டர் ஒத்துக்க மாட்டாரு. நான் எழுதிப் பார்த்தேன். தோட்டத்துல ஒரு பேர்னா இப்பிடித்தான்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். விளக்கத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு. அதுக்குக் கீழயே, அந்த எட்டைச் சொன்ன ஆள் யார்னு மறுபடியும் கேட்டிருக்காங்க."

"நானே என் பேரப் போடுறேன்" என்றாள் அக்கா.

"போடலாம். போட்டா நாளையிலருந்து நீங்க வேலையில இல்ல. வேற எந்த நிறுவனத்துக்குப் போனாலும் இந்தக் கடதாசி உங்களுக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கும். லயத்து ஆள் ஒருத்தர் பொறுப்புல இருக்கணும்கிறது திட்டத்துல இருக்கு. நீங்க போனா அடுத்த ஆளத் தேடுறதுக்குள்ள திட்டக் காலம் முடிஞ்சிரும். குழாய லொறியில ஏத்திருவாங்க."

மரியம்மா அத்தை கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "நான் கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க சார். எட்டு மணித்தியாலமும் வெட்டுனாங்கன்னே சொல்லிட்டா?"

"அப்ப அந்த நாள்ல பால் வெட்டலன்னு ஆகுமே அத்தாச்சி" என்றது கன்னையா மாமாவின் குரல். அவர் எப்போது வந்து வாசலில் நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. "தோட்டத்துத் தொர அன்னைக்கிச் சம்பளத்த அத்தன பேருக்கும் வெட்டுவான். கெட்டது போங்க. மூணு லயத்து அடுப்பும் அணைஞ்சிரும்."

கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது. சுதாகரன் சார் கடதாசியை மேசைமேல் வைத்தார். வெள்ளிக்கிழமை வேண்டும் என்று சொன்னார். மோட்டார் சைக்கிள் சத்தம் இறங்கிப் போய் மறைந்த பிறகும் அந்தக் கடதாசியை யாரும் தொடவில்லை என்று நினைக்கிறேன். நான் என் காம்பராவுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் பேசியது சுவருக்கு மேலாக வந்தது.

"எம் பேரு போட்டுரு" என்றார் மாமா.

"மாட்டேன்பா."

"ஏன்? நான்தான சொன்னேன். பொய்யா?"

"தெரிஞ்சே சொன்னீங்கன்னு போட்டுருக்கு. அது பொய்."

"நாளைக்கி உன் பேருல கடதாசி போனா, நீ எந்த ஆபீசு வாசலுக்குப் போனாலும் அது நிக்கும். எம் பேருல போனா எங்க போயி நிக்கும்? ரப்பர் மரத்துக்கிட்டயா? மரம் இங்கிலீசு வாசிக்குமா?"

"ஞாயித்துக்கெழம கோயில்ல முன்னுக்கு முட்டி போட்டு செபமால சொல்லுற மனுசன்" என்றார் அத்தை. "தெரிஞ்சே பொய் சொன்னான்னு எழுதிக் குடுத்துட்டு, எந்த வாயால சொல்லப் போறீங்க?"

"இதே வாயாலதான். வேற வாயி வாங்கவா போறேன்?"

"சிரிக்காதீங்க. எனக்கு எரியுது."

"சரி, அழுறேன். அழுதா கடதாசி மாறுமா?"

மறுநாள் கன்னையா மாமா நேராக வந்தார். மத்தியானம். பால் வாளியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. நான் வாசலில் மடுவத்துப் பிள்ளைத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"டேய் அந்தனி, நீ என்னா பெரிய சிலுவ சொமக்குறவனா? நாங்கெல்லாம் ஆளு இல்லயா? எல்லார் பேரையும் போடச் சொல்லு."

"எல்லார் பேரையும் போட்டா எவன் குழிய மூடுறது மச்சான்? பேரு போட்டவன் வேலைக்கி வரக்கூடாதாம்."

"மூட வேணாம். கெடக்கட்டும். உன்னயப் பொய்யனாக்கிட்டு வர்ற தண்ணிய நான் எப்பிடிடா குடிக்கிறது?"

"கொதிக்க வச்சு குடி."

கன்னையா மாமா வாளியைக் கீழே வைத்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் கையை ஓங்கவில்லை. "வாய் மட்டும் கொறையல ஒனக்கு. அந்த வாயாலதான் இதும் வந்துச்சு. அன்னைக்கி அந்த நோனாகிட்ட மால போடுறேன் மயிரு போடுறேன்னு பீத்தாம இருந்திருந்தா..."

அதைச் சொன்னதும் அவரே நிறுத்திக்கொண்டார். அந்தனி மாமா படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்தார். இரத்தம் கணுக்காலில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கன்னையா மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் வகுப்பிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோஷானி அக்கா எங்கள் காம்பராவுக்கு வந்தாள். கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை. "கொஞ்சம் இடம் குடு" என்று சொல்லி என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடதாசியை விரித்துவைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வச்சு எழுத முடியல" என்றாள். "பாத்துக்கிட்டே இருக்காரு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கலாமா என்று நினைத்தேன். எழுந்திருப்பதா, அப்படியே இருப்பதா, எது மரியாதை என்று தெரியவில்லை. அப்படியே இருந்துவிட்டேன். அவள் வெற்றுக் கோட்டில் எழுதினாள். ஆபீஸ் எழுத்து, உருண்டையாக, நிதானமாக. பிறகு கீழே கையொப்பம் வைத்தாள். பேனாவின் மூடியைப் போடும் சத்தம் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தனி மாமாவின் குரல் வந்தது.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்பா."

"சரி, வந்து சாப்புடு. ஆறுது."

உத்தரவு வர அதிக நாள் ஆகவில்லை. தறப்பாளைச் சுருட்டினார்கள். ஆனால் பழைய மணித்தியாலங்களை எல்லாம் தள்ளிவிட்டு, உண்மையாக வேலை செய்த நேரத்தை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். குறைந்ததைத் திட்டக் காலம் முடிவதற்குள் செய்து நிரப்ப வேண்டும். புதிய கடதாசியில் வந்த நேரம், போன நேரம் இரண்டுக்கும் பெட்டி இருந்தது. ரோஷானி அக்கா போனில் மணியைப் பார்த்து எழுதுவாள். சுதாகரன் சார் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்று கையொப்பம் வைப்பார்.

குழி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. மிச்சமிருந்தது குழாயைப் பதிப்பதும் மண்ணை மூடுவதும்தான். எங்கள் ஆட்களுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் நிரப்ப வேண்டிய நேரம் நிறைய இருந்தது. கன்னையா மாமா முதல் நாள் வழக்கம்போல மளமளவென்று மூடிக்கொண்டு போனார். அக்கா ஓடிப் போய்த் தடுத்தாள்.

"மெதுவா மாமா."

"மெதுவான்னா?"

"மெதுவா மூடுங்க. வேல முடிஞ்சிட்டா நேரம் எழுத முடியாது."

"இது என்னா கூத்து பாப்பா? மெதுவா வேல செய்யுறது எப்பிடின்னு எனக்குத் தெரியாதே. யாராச்சும் சொல்லிக் குடுங்கப்பா."

ஒருத்தன் மம்பட்டியில் ஒரு பிடி மண்ணை எடுத்து, தங்கம் கொட்டுவதுபோலக் குழியில் போட்டுக் காட்டினான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. பால் வெட்டிக் களைத்த உடம்பு வேகமாக வேலை செய்தால் சூடு பிடிக்கும். மழையில் மெதுவாக அசைந்தால் விறைத்துப்போகும். மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கி விழுந்தார்கள். வேலையைவிட இது கஷ்டம் என்றார்கள். அந்தனி மாமா இந்த நாட்களில் ஸ்டோரிலிருந்து வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கோயிலுக்குப் போனார். ஆனால் செபமாலையை வேறொருவர் சொன்னார். அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை; அவராகவே பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார் என்று அத்தை சொன்னார்.

கடைசி நாள் குழி எங்கள் லயத்தின் வாசலோடு போனது. அந்தனி மாமாவின் காம்பராவுக்கு முன்னால் மழையில் கரை இடிந்து, பதித்த குழாய் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் அலவாங்கு போட்டு நெம்பினார்கள். காலை ஊன்ற இடம் போதவில்லை.

"அந்தனி!" என்று கன்னையா மாமா கூப்பிட்டார். அன்றைய சண்டைக்குப் பிறகு முதல்முறையாக. "ஒரு கை பிடிடா."

கதவு திறந்தது. மாமா ஏற்கெனவே சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். உள்ளே கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பார் போல. இரண்டு எட்டில் குழி ஓரத்துக்கு வந்து, குனிந்து குழாயில் கை வைத்தார்.

சுதாகரன் சார் குடைக்குள்ளிருந்து ரோஷானி அக்காவைப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் அக்கா.

மாமா நிமிரவில்லை.

"அப்பா, உள்ள போங்க."

"ஒரு நிமிசம்மா. தூக்கி விட்டுட்டு..."

"நீங்க தொட்டா இன்னைக்கி உள்ள எல்லாருடைய நேரத்தையும் தள்ளிருவாங்கப்பா. போங்க."

அவர் குழாயை விட்டார். கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். அதைச் சாரத்தில் துடைக்காமல், குழிக்குள்ளேயே தட்டி உதறிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. மெதுவாகத்தான் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் மரியம்மா அத்தை வெளியே வந்தார். மலை வேலைக்குக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, தலைக்கு ஒரு உரப்பையைப் போட்டிருந்தார். சாத்தி வைத்திருந்த மாமாவின் மம்பட்டியை எடுத்தார்.

"எம் பேர எழுது."

"அம்மா, நீங்க எதுக்கு?"

"என் வாசல்ல மண்ணு கெடக்கு. நான் அள்ளாம யாரு அள்ளுறது? நேரத்தப் பாத்து எழுது."

அக்கா போனைப் பார்த்து எழுதினாள். அத்தை குழிக்குள் இறங்கிக் காலை ஊன்றி மண்ணை வழித்தார். கன்னையா மாமா அலவாங்கை மறுபடியும் போட்டார். குழாய் உட்கார்ந்தது. அத்தைக்கு மெதுவாக மூடத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் துணியவில்லை. தன் வாசல் முழுவதையும் மூடி, மிதித்து, மம்பட்டியின் பின்பக்கத்தால் தட்டிச் சமப்படுத்திவிட்டார். மற்றவர்களுடையதும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. கணக்கு நிரம்ப ஐந்து மணி வரைக்கும் எல்லோரும் அங்கேயே இருக்க வேண்டும், அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

எல்லோரும் மூடிய குழியின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தூறல் விடவில்லை. எதிரே இருந்த காம்பராக்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அத்தை தன் வீட்டுப் படிக்கு முன்னால் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். உள்ளே அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருக்கிறார். கஞ்சி பொங்கி நெருப்பில் வழியும் சத்தம் கேட்டது. தீய்ந்த வாசம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது.

அத்தை மகளைப் பார்த்தார்.

"நான் வீட்டுக்குப் போகலாமா?"

ரோஷானி அக்கா போனைப் பார்த்தாள். பிறகு சுதாகரன் சாரைப் பார்த்தாள். அவர் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இன்னும் மணி ஆகலம்மா. இப்பப் போனா போன நேரம்னு போடணும்."

அத்தை தலையை ஆட்டினார். தன் வீட்டுப் படியில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். உள்ளே யாரோ அவசரமாகச் சட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. சூடு பட்டதுபோல ஒரு முனகல். அத்தையின் தோள் ஒருமுறை அசைந்தது; எழுந்திருக்கவில்லை. ரோஷானி அக்கா கடதாசியை நெஞ்சோடு அணைத்து நனையாமல் பிடித்துக்கொண்டு, போனின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.